அக்காவின் முகத்தில் விழுந்த கோடு

எனக்கு அறுபத்தொன்பது வயது. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நாலு, மற்ற இரண்டும் என் தம்பி பிள்ளைகள். சுனாமியில் தம்பியும் அவன் பெண்சாதியும் போன பிறகு அந்த இரண்டையும் என் நாலோடு சேர்த்து ஒரே பானையில் பொங்கிப் போட்டேன். ஒருத்தன் ஹேவ்லாக் தீவில் ரிசார்ட்டுச் சமையல்காரன். ஒருத்தி நர்ஸ். ஆறு பேரில் ஒருவர்கூடச் சாப்பாட்டுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

படிப்பு மட்டும் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டுவேன், பெயர் எழுதுவேன், அதற்கு மேல் கை ஓடாது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். காலேஜில் படிக்கிறவள். என் பேச்சை அப்படியே எழுதாமல் புத்தகத்தில் வருகிற மாதிரித் திருத்தி எழுதுகிறாள். எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

இப்போது நாங்கள் இருப்பது அந்தமானில், போர்ட் பிளேரில் மின்னி பே. மூத்த மகன் வீடு. சுனாமிக்கு முன்னால் முப்பது வருடம் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தேன். அதற்கும் முன்னால் இலங்கையில், அட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்டம். அங்கேதான் பிறந்தேன். இலங்கையில் இருந்த எங்கள் ஆட்களில் ஒரு பாதியை இந்தியாவுக்கு அனுப்புவது, ஒரு பாதியை அங்கேயே வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்த காலத்தில், அனுப்பின பாதியில் நாங்கள் வந்தோம். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் பாஸ்போர்ட் எடுப்பார்கள். நாங்கள் சொந்த நாடு என்று சொல்லப்பட்ட இடத்துக்கு வருவதற்கே பாஸ்போர்ட் எடுத்தவர்கள்.

அக்கா வரவில்லை. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம், அந்தக் குடும்பம் இருக்கிற பாதி. அன்று பிரிந்தது, இன்றுவரை நேரில் பார்க்கவில்லை. முதலில் கடுதாசி. அப்பா இருக்கும்வரை அவர்தான் எழுதினார். பிறகு அதுவும் நின்றுபோனது. சுனாமிக்குப் பிறகு எங்கள் விலாசமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவின் பேரன் எப்படியோ தேடி, என் பேத்தியை போனில் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுகிறோம்.

இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அக்கா வாசலில் அப்போதும் வெயில் நிற்கும். இரண்டு பேர் வீட்டுக் கடிகாரத்திலும் ஒரே மணிதான். எனக்கு விளக்கு, அவளுக்கு வெயில்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னாள்:

"ஏன் புள்ள, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா. மொகமே தெரிய மாட்டேங்குது."

"வெளிச்சத்துலதான்க்கா இருக்கேன். லைட்டு தலைக்கு மேலயே எரியுது."

"அப்பச் சரி. எங்கண்ணுதான்."

கண் நரம்பு வற்றிக்கொண்டு வருகிறதாம். ஆபரேஷன் செய்து சரியாக்குகிற வியாதி இல்லையாம். மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை.

"டாக்குத்தரு ஒரு வருசம்னு சொல்றாரு, மிஞ்சினா ஒண்ணரை. அதுக்குள்ள வந்துரு. பொறகு வந்தா ஒஞ் சத்தத்தத்தான் கேக்கலாம். சத்தத்தத்தான் இதுல சும்மாவே கேக்குறேனே, அதுக்கு எதுக்கு பிளேனு?"

அவள் சிரித்தாள். என் மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "பெரியம்மா, நான் அனுப்பி வைக்கிறேன். பாஸ்போர்ட் எடுத்துடலாம்" என்று அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டான்.

நான் கோழிகளை அடைக்கப் போனேன்.

மறுநாள் மகன் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தான். எனக்கு முட்டி வலி, முடியாது என்றேன். பிளேன் பயம் என்றேன். கோழிக்கு யார் தீனி போடுவது என்றேன்.

"கோழிக்கு நான் போட மாட்டேனா அத்தை? நீங்க போட்டாத்தான் தின்னுவோம்னு அதுங்க ஒங்ககிட்ட வந்து சொல்லுச்சா?" என்றாள் மருமகள்.

மகன் விடவில்லை. "மெயின்லேண்டுக்குக் கப்பல்ல தனியா போய்ட்டு வந்தவங்கம்மா நீங்க. மூணு நாளு அத்தன பேரும் வாந்தி எடுத்துக்கிட்டு கெடந்தாங்க, நீங்க மட்டும் இன்னொரு தட்டு சோறு கேட்டீங்க. ஒங்களுக்கு பிளேனு பயமா?"

"வயசாயிருச்சுடா."

"போன வாரம் மச்சு மேல ஏறி தேங்கா காயப் போட்டீங்களே, அப்ப எங்க போச்சு வயசு?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் இப்படித்தான், ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லி மாட்டிக்கொள்வேன்.

மகன் பிடிவாதத்தில் என்னைக் கொண்டவன். என்னிடம் சொல்லாமலேயே இங்கே போர்ட் பிளேரில் இருக்கிற தோட்டத்து ஆபீசுக்கு நடந்திருக்கிறான். கச்சாலில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அப்பா தன் பாஸ்போர்ட்டை அந்த ஆபீசில் கொடுத்தார். அது அவருடைய பைலிலேயே தங்கிவிட்டது. அப்பா ஒருநாளும் போய் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டில் வைத்திருந்தால் கடல் கொண்டுபோயிருக்கும். ஆபீஸ் பைல்கள் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டதால் அது பிழைத்துக்கொண்டது. நாலு தடவை நடந்து ஜெராக்ஸ் வாங்கிவிட்டான்.

ஒரு சாயங்காலம் அந்தக் காகிதத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இது போதும்மா. நீங்க அங்க பொறந்து, முறையா இங்க வந்தவங்கன்னு இதுல இருக்கு. வேற எந்தக் காகஜும் தேட வேண்டாம்."

காகிதத்தில் ஒரு போட்டோ. அட்டன் டவுனில் ஸ்டுடியோவில் குடும்பமாக நின்று எடுத்தது. அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் குடும்பத்துக்கே சேர்த்து ஒரே போட்டோதான். அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி. ஜெராக்ஸில் எல்லோரும் கரிபூசின மாதிரி இருந்தோம். என் பின்னலும் தம்பியின் பெரிய காதும் தெரிந்தன.

அக்காவின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. கீழே பெயர் வரிசையிலும் அவள் பெயர்மேல் கோடு, பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை.

மகன் அதைத் தொட்டுக் காட்டினான். "அம்மா, இது பெரியம்மாதான? இவங்க செத்துட்டாங்கன்னு எழுதிருக்கே. ஏதோ கிளார்க்கு தப்பா எழுதிட்டான் போல."

கிளார்க் தப்பாக எழுதவில்லை.

அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மருமகள் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

அப்பா மனுப் போட்டபோது அக்காவுக்குக் கலியாணம் ஆகவில்லை. போட்டோ எடுத்து, பாஸ்போர்ட் கைக்கு வந்து சேர்வதற்குள் கலியாணம் முடிந்துவிட்டது. பெயரை எடுக்கவேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எங்கே போய் எடுப்பார்? எங்கள் ஆட்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண், அதை ஆபீசுக்கு வேறு சொல்லவேண்டுமா என்றுதான் நினைத்தோம். பாத்திரம் பண்டம், அம்மி, கோழிக்கூண்டு உட்பட எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ரயிலேறித் தலைமன்னார் போய்விட்டோம்.

கப்பலுக்குப் போகிற வழியில் மேசை போட்டு ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். போட்டோவைப் பார்த்தார், எங்களை எண்ணினார். போட்டோவில் ஐந்து. நின்றது நாலு. "ஒண்ணு எங்கே?" என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தைக் காகிதத்தில் ஏதோ கோளாறு என்று ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வெயிலில் அழுதுகொண்டிருந்தன. அப்பா அவர்களைப் பார்த்தார். எங்கள் சாமானெல்லாம் ஏற்கெனவே கப்பலுக்குள் போய்விட்டது. தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பராவில் அன்றைக்கே வேறு குடும்பம் குடியேறியிருக்கும். திரும்பிப் போக இடமில்லை.

"செத்துப் போச்சுங்க" என்றார் அப்பா.

அந்த அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து அக்கா முகத்தில் ஒரு கோடு இழுத்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதிகாரி அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். செத்த பிள்ளைக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார். எங்களைச் சீக்கிரமாக அனுப்பிவைத்தார்.

கப்பலில் அம்மா என்னையும் தம்பியையும் இழுத்து உட்கார வைத்துச் சொன்னாள்: "இத அக்காவுக்கு யாரும் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது. என் மேல சத்தியம்." நாங்கள் சொல்லவில்லை. அப்பா போனார், அம்மா போனாள், தம்பி போனான். தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மகன் காகிதத்தை மடித்துக் கீழே வைத்தான்.

"இதுக்காகவா கோழிக்குத் தீனி போடணும்னீங்க?"

"பாஸ்போர்ட்டு ஆபீசுல கேப்பாங்கல்ல? யாரப் பாக்கப் போற, அக்காவ. அக்காதான் செத்துட்டாளே, அப்ப நீ சொல்றது பொய்யா, ஒங்கப்பன் சொன்னது பொய்யான்னு கேப்பாங்கல்ல?"

"அரே, அதெல்லாம் ஒருத்தனும் கேக்க மாட்டான்மா."

"சரிடா, அவன் கேக்கல. அவ முன்னாடி போயி உக்காந்து, அவ கையால சோறு வாங்கித் தின்னணுமே நான். ஒன்னச் சாகடிச்சுட்டுத்தான் கப்பலேறினோம்னு மனசுக்குள்ள வச்சிக்கிட்டு எப்படித் திங்கிறது?"

இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்கிறது என்றால் நான் உட்கார்ந்து யோசிக்கிறவள் இல்லை. கோழிக்கூண்டு கழுவினேன், வாசலில் கிடந்த தென்னமட்டையெல்லாம் வெட்டி அடுக்கினேன். இரண்டாம் நாள் முடிவுக்கு வந்தேன். முதலில் அக்காவிடம் சொல்லிவிடுவது. அம்மா மேல் செய்த சத்தியம் அம்மாவோடு போகட்டும். கேட்டுவிட்டு அவள் வா என்றால் பாஸ்போர்ட் எடுப்பது. வேண்டாம் என்றால் இந்தத் தீவிலேயே இருந்துவிடுவது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேத்தி போனைப் பிடித்துக்கொண்டாள். நான் நலம் விசாரிக்கவில்லை, மழை பெய்ததா என்று கேட்கவில்லை. நேராகச் சொன்னேன். மேசை, அதிகாரி, அப்பா சொன்ன இரண்டு சொல், கோடு, எல்லாம். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, போனின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் பார்த்தேன். அவள் வாசல் வெயில் அவள் தோளில் கிடந்தது. பிறகு கையை நீட்டித் தடவி, எதையோ அமுக்கினாள். போன் அணைந்துவிட்டது.

"நெட் போயிருக்கும் அப்பாயி" என்றாள் பேத்தி.

"நெட்டு இல்ல. அவளே வச்சிட்டா."

திங்கட்கிழமை அவள் கூப்பிடவில்லை. செவ்வாயும் இல்லை. பேத்தி போன் போட்டுப் பார்த்தால் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்கள். மருமகள் என்னிடம் மெதுவாகப் பேசினாள், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மகன் பாஸ்போர்ட் பேச்சையே எடுக்கவில்லை. ஜெராக்ஸை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் மீன் வாங்கிச் செதிள் உரசிக்கொண்டிருந்தேன். பேத்தி போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கை கழுவக்கூட விடவில்லை.

"ஏன் புள்ள" என்றாள் அக்கா. "ஒண்ணு கேக்கணும். நான் அம்பது வருசமா ஆவியாவா கொழுந்து பறிச்சேன்?"

கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டேன்.

"பேரு போட்டுச் சம்பளம் குடுத்தானே தொரை. ஆவிக்கா குடுத்தான்? எட்டுப் புள்ள பெத்தேனே, அதெல்லாம் என்ன கணக்கு?"

"அக்கா…"

"இரு. நான் பேசிக்கிறேன். நாலு நாளா நான் கோவிச்சுக்கிட்டு இருந்தேன்னு நெனச்சிருப்ப. மொத நாள் கோவந்தான். வயிறு எரிஞ்சிச்சு. பொறகு பெட்டியத் தெறந்து அப்பா கடுதாசிய எல்லாம் எடுத்தேன். பூரா வச்சிருக்கேன் நானு. பேரன ஒக்கார வச்சு ஒண்ணொண்ணா வாசிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி வாசிக்கச் சொன்னேன். நீ அதுல ஒண்ணையாவது படிச்சிருக்கியா?"

"எனக்கு எங்கக்கா படிக்கத் தெரியும். அவரே எழுதி அவரே ஒட்டிருவாரு."

"எல்லாரும் கடுதாசிய எப்படி ஆரம்பிப்பாங்க? நலம், நலமறிய ஆவல். அப்பா ஒண்ணுலகூட அப்படி எழுதல. மொத வரி, 'மகளே, நீ நூறு வருசம் இருக்கணும்.' எல்லாத்துலயும் அதான். தோட்டத்துல காலையில பேரு கூப்பிடுற பெரட்டு மாதிரி தெனம் ஒரே கூப்பாடு. இவரு என்னடா இப்படி எழுதுறாரு, எனக்கு என்ன நோவா நொடியான்னு அப்பல்லாம் நெனப்பேன். இப்பத்தான் வெளங்குது."

போனில் அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் மீன் செதிள் ஒட்டின புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"செத்ததா சேதி போனவங்களுக்கு ஆயுசு கெட்டின்னு நம்ம சனம் சொல்லும்ல? பாரு, எழுவத்தஞ்சு ஆச்சு. கண்ணுதான் போகுது, நான் எங்க போறேன்? சரி, அந்தப் படம் ஒங்கிட்ட இருக்கா?"

"ஜெராக்ஸ் இருக்குக்கா. கரியா இருக்கு. ஒம் மூஞ்சி மேல கோடு வேற."

"கோடு எம்மேலதான? அம்மா மேல இல்லையே?"

"அம்மா மேல இல்ல."

"எங்கிட்ட அம்மா படம் ஒண்ணுகூட இல்ல புள்ள. மொகமே மறந்துபோச்சு. அத எடுத்துக்கிட்டு வா. கண்ணு இருக்கும்போதே ஒருக்கா பாத்துக்கிறேன்."

அன்று மத்தியானம் மகன் சாப்பிட வந்தபோது, "எப்படா பாஸ்போர்ட்டுக்குப் போகணும்?" என்று கேட்டேன். அவன் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, "முட்டி வலி?" என்றான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மனுவைக் கம்ப்யூட்டரில் பேத்திதான் நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் சொல்லச் சொன்னேன். அப்பா பெயர் கேட்டது. அம்மா பெயர், புருஷன் பெயர் கேட்டது. அந்தக் கேள்வி எப்போது வரும், எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள், "முடிஞ்சுது அப்பாயி" என்றாள்.

"அக்கா தங்கச்சி யாருன்னு கேக்கலையா?"

"அதுக்கு இதுல இடமே இல்லையே."

இத்தனை வருடம் எந்தக் கேள்விக்குப் பயந்து கிடந்தேனோ அந்தக் கேள்வியே அதில் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனுசியைப் பற்றி அத்தனை கேட்கிறார்கள், கூடப் பிறந்தவர்களைக் கேட்க வேண்டாமா?

பிறந்த ஊருக்கு மட்டும் மகனோடு சண்டை. துறையூர் என்று போட்டுவிடலாம் என்றான். துறையூர் எங்கள் தாத்தாவின் ஊர். இங்கே வந்த எங்கள் ஆட்கள் பலபேர் கேட்கிறவர்களிடம் தாத்தா ஊரைத்தான் சொல்வார்கள். சிலோன்காரர்கள் என்று தனியாகப் பார்ப்பார்களோ என்கிற பயம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆதார் எடுக்கும்போது பிறந்த தேதி தெரியாத எங்கள் காலனியில் பாதிப்பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்களாகிவிட்டோம், அதையும் விட்டுவிட்டேன். இதை விடவில்லை.

"துறையூர நான் பஸ்ஸுல கூடப் பாத்ததில்ல. அட்டன்னு போடு."

"கேள்வி மேல கேள்வி கேப்பாங்கம்மா. லேட்டாகும்."

"ஆகட்டும். இந்தக் குடும்பத்துல காகிதத்துல சொன்ன பொய்யி ஒண்ணே போதும்."

ஆபீசுக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். முதலில் ரேகை. கண்ணாடி மேல் விரலை வை என்றாள் கவுண்டரில் இருந்த பெண். வைத்தேன். விழவில்லை. பதினேழு வயதுவரை கொழுந்து கிள்ளின விரல். பிறகு முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதை ஆசிட் ஊற்றி உறைய வைத்த விரல். ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? ஈரத் துணியால் துடைக்கச் சொன்னாள், மறுபடியும் விழவில்லை. எனக்கு ரேஷன் கடையில் கற்ற வித்தை உண்டு. விரலை மூக்கு ஓரத்தில் நன்றாகத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

கையெழுத்துக்கு மைப்பெட்டியை நகர்த்தினாள். நான் அதைத் திருப்பி அவள் பக்கமே நகர்த்தினேன். பேனாவைக் கேட்டு வாங்கி, என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினேன். பின்னால் வரிசையில் யாரோ "ஜல்தி, ஜல்தி" என்றார்கள். நான் புள்ளி வைக்கவேண்டிய இடமெல்லாம் வைத்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன்.

பிறந்த ஊரைப் பார்த்ததும் அவள் பெரிய அதிகாரியிடம் அனுப்பினாள். மகன் என்னைப் பார்த்த பார்வையில், சொன்னேனே என்று இருந்தது. அதிகாரி வடக்கத்தி ஆள். ஜெராக்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எப்போது வந்தீர்கள், எந்தத் தோட்டம், எத்தனை வருடம் வேலை, எல்லாம் ஹிந்தியில் கேட்டார். எனக்கு இந்தத் தீவு ஹிந்தி நன்றாகவே வரும், ஒவ்வொன்றுக்கும் நானே சொன்னேன். பிறகு அவர் விரல் போட்டோவில் போய் நின்றது. கோடு விழுந்த இடத்தில்.

"யே கௌன் ஹை?" என்றார். இது யார்?

மகன் முந்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"மேரா தீதி" என்றேன். என் அக்கா. "ஜிந்தா ஹை." உயிரோடு இருக்கிறாள்.

அவர் கோட்டைப் பார்த்தார், பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தார், என்னைப் பார்த்தார். எழுதினவன் தப்பாக எழுதவில்லை, சொன்னவர் பயத்தில் சொன்னார் என்று சொன்னேன். அவளைப் பார்க்கத்தான் இந்தப் பாஸ்போர்ட் என்றும் சொன்னேன். அவர் காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஜாயியே அம்மா. மில்கே ஆயியே." போங்கள், பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசலுக்கு வந்ததும் மகன், "பெரிய வக்கீலும்மா நீங்க" என்றான். டீ வாங்கிக் கொடு என்றேன்.

பிறகு போலீஸ் வந்து விசாரித்தது, பிறந்த ஊர் காரணமாக இரண்டு தடவை. இரண்டு தடவையும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணிதான் சாட்சி. என் வயதுக்காரி. "இவள் ஓடிப்போகிறவள் இல்லை சாப், என் மீன் சட்டியை வாங்கிப் போய் ஆறு மாசம், அதையே இன்னும் திருப்பித் தரவில்லை, நாட்டை விட்டு எப்படிப் போவாள்?" என்று ஹிந்தியில் சொல்லிப் போலீஸ்காரரைச் சிரிக்க வைத்துவிட்டாள். அவர் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா அம்மா பங்களாதேஷ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இந்த மனுவை எங்கே போய்க் கொடுக்கவேண்டும், எத்தனை நாளாகும் என்று மெதுவாகக் கேட்டாள். என் பேத்தி நிரப்பிக் கொடுப்பாள் என்றேன். சட்டியையும் கழுவிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. நீல அட்டை. இதில் போட்டோவில் நான் ஒருத்திதான், ஒருவரும் பக்கத்தில் இல்லை. முகத்தை விறைப்பாக வைத்திருக்கிறேன் என்று மருமகள் கேலி செய்கிறாள். அப்படித்தான் இருக்கட்டும். விசாவுக்குப் பேத்தி எழுதிப் போட்டிருக்கிறாள். தை பிறந்ததும் பயணம். மகன் சென்னைவரை வருவான், அங்கிருந்து நான் தனியாக.

அக்காவிடம் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

"அங்க என்ன கெடைக்கும்?"

"தேங்கா, கருவாடு."

"இங்கயும் அதான். சும்மா வா. படத்த மட்டும் மறந்துறாத. இங்க ரொட்டியும் சம்பலும் இருக்கு, வந்து தின்னு."

ஜெராக்ஸை அரிசி டப்பா அடியிலிருந்து எடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன். இப்போது பேத்தி எழுதுகிற இந்தக் காகிதங்களையும் அதோடு எடுத்துப்போகப் போகிறேன். அக்காவின் பேரன் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். அப்பா கடுதாசிகளை வைத்திருக்கிற பெட்டியில் இதையும் அவள் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் குடும்பம் அவளைப் பற்றிக் கடைசியாக ஒரு காகிதத்தில் எழுதவைத்தது ஒரு பொய். அதற்குப் பிறகு எழுதியது இதுதான்.

சரி, போதும். கை வலிக்கும் பிள்ளைக்கு. பேனாவை வை. நீ உன் புத்தகத் தமிழில் என்னென்ன மாற்றினாயோ எனக்குத் தெரியாது. எங்கே, அந்த ஆபீசரிடம் நான் அக்காவைப் பற்றிச் சொன்னேனே, உயிரோடு இருக்கிறாள் என்று, அந்த இடத்தை எடு. சரியாக எழுதியிருக்கிறாயா பார்க்கலாம். அதை முதலில் வாசி. பிறகு மேலேயிருந்து எல்லாவற்றையும் வாசிக்கலாம்.